சின்ன வீடுகளையே காணோம், விலையும் ஏறிக்கொண்டே போகிறது. முதல் வீடு வாங்க நினைப்பவர் இன்னும் காத்திருக்கலாமா?

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். இருவரும் சம்பாதிக்கிறீர்கள், வாடகை வீடு, கையில் கொஞ்சம் சேமிப்பு. "இரண்டு வருஷம் பொறு, விலை இறங்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களிடமும் சொன்னார்கள். நானும் என் கணவரும் 6 வருடம் பொறுத்தோம்.

அந்த ஆறு வருடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு கணக்கு. வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி 80 கொடுத்தால் மீதி 20 நாம் போட வேண்டும். பத்திரச் செலவு தனி. வருடத்துக்கு 4 சேர்த்தால் 5 வருடத்தில் 20 வந்துவிடும். ஆனால் விலை வருடத்துக்கு 8 சதவீதம் ஏறினால் அதற்குள் அந்த வீடு 147-ஐத் தொட்டிருக்கும். டவுன் பேமென்ட்டே 29 ஆகிவிடும். நம்மிடம் இருப்பதோ அதே 20. "டெபாசிட்டில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்குமே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். போட்டிருந்தோம் ஐயா. வரி போக வந்த வட்டி அந்த 9-ஐ எட்டவில்லை.

தவிர, எங்கள் சேமிப்பில் ஒரு பகுதி எங்களிடமே இல்லை. என் கணவரின் நண்பர் ஒருவர் "மூன்றே மாசம்" என்று கைமாற்றாக வாங்கிப் போனார். நான்காவது மாதம் புது கார் முன்னால் நின்று படம் போட்டார். கேட்டால் எங்களைத்தான் கஞ்சர்கள் என்பார்கள் என்று இவர் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, சின்ன வீடுகள் எங்கே போயின? மூன்றாவது வருடம் ஒரு குடியிருப்பில் அடக்கமான இரண்டு படுக்கையறை வீடு பார்த்தோம். பணம் போதவில்லை. அடுத்த கட்டடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டோம். அடுத்த கட்டடம் எழுந்தது, எல்லாமே மூன்று படுக்கையறை. ஏன் இப்படி என்று விற்பனை ஆளிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், அனுமதிக்கு அலையறது, லிஃப்ட், படிக்கட்டு, வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துற இடம், இதெல்லாம் வீடு சின்னதா இருந்தா குறையப் போறதில்ல. வீட்டுக்குள்ள செலவு பிடிக்கிறது சமையலறையும் குளியலறையும்தான். குழாய், டைல்ஸ், ஒயரிங் எல்லாம் அங்கதான். இன்னொரு ரூம்ங்கிறது நாலு சுவர், ஒரு ஜன்னல். அதுக்கும் அதே சதுர அடி ரேட் வாங்கிடலாம்." எரிச்சலாக இருந்தது, ஆனால் எதிர்த்துச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மனையில் இத்தனை வீடுதான் கட்டலாம் என்ற விதியும் சேர்ந்துகொண்டால் யார்தான் சின்னதாகக் கட்டுவார்கள்?

பழைய வீடாவது கிடைக்கும் என்று பார்த்தால், குடியிருப்பவர்கள் விற்கத் தயங்குகிறார்கள். விற்றால் அவர்களும் இதே விலையில்தானே இன்னொன்று வாங்க வேண்டும்! ஒன்று அமைந்தது, விலையும் பேசி முடித்தோம். வங்கியில் பத்திரத்தை வக்கீல் பார்த்து, மதிப்பீட்டாளர் வந்து போவதற்குள், ஏற்கெனவே இரண்டு வீடு வைத்திருப்பவர் வாடகைக்கு விடுவதற்காக முழுப் பணத்தையும் கொடுத்து அதை முடித்துவிட்டார். விற்றவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கடைசியில் வாங்கியது 20 வருடம் தாண்டிய கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கட்டடத்தின் வயதைக் காட்டி வங்கி கடன் காலத்தைக் குறைத்துவிட்டது. தவணை கழுத்தைப் பிடிக்கிறது. அதில் ஒரு நல்லதும் இருக்கிறது. 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் வாங்கினால், முதல் 5 வருடம் ஒழுங்காகக் கட்டியும் அசலில் சுமார் 11 சதவீதம்தான் குறையும். எங்களுக்கு அதைவிட வேகமாகக் கரைகிறது.

"வாடகையில் இருந்து மிச்சத்தை முதலீடு செய்வதே புத்திசாலித்தனம்" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மிச்சத்தை உண்மையிலேயே முதலீடு செய்கிறவர்களுக்கு அது சரி. நாங்கள் அந்த ரகம் இல்லை, கைமாற்று கொடுக்கிற ரகம்.

ஆகவே, விலை இறங்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். தவணை போக ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்குமென்றால், கடனுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டு பழைய வீடுகளைப் பார்க்கத் தொடங்குங்கள். பத்திரத்தைப் பார்ப்பதும் வீட்டை மதிப்பிடுவதும் அதற்குப் பிறகும் இருக்கும், ஆனால் உங்கள் வருமானத்தைப் பார்க்கும் நாட்களாவது மிச்சமாகும். கையில் அந்த ஆறு மாதப் பணம் இல்லையென்றால் பொறுங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை.

அப்புறம், அந்தக் கார்க்காரர் இதைப் படித்தால் ஒரு தகவல்: வீடு மாறிவிட்டோம், வங்கிக் கணக்கு எண் மாறவில்லை.