கிளட்ச்சில் காற்று: கேள்வி பதில்

பொள்ளாச்சி: வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. கியர் உரசுகிறது. இரண்டு முறை மிதித்தால் சரியாகிறது. ஏன்?

பதில்: மிதிக்க மிதிக்கச் சரியானால் பெரும்பாலும் காற்றுதான். பெடலை மிதிக்கும் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோவது குழாயில் உள்ள பிரேக் ஆயில். அழுத்தினால் ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் கியர் பாக்ஸ் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் முழுதாகத் தள்ளாது, கிளட்ச் அரைகுறையாகவே விடுபடும். காற்றை எடுத்ததோடு நிறுத்தாதீர்கள், எந்த வழியாக நுழைந்தது என்று தேடுங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. கிளட்ச் குழாய் அதில் சற்று உயரத்தில் இருக்கும். பிரேக் பேடு தேய்ந்து ஆயில் மட்டம் இறங்கினால் முதலில் காற்றை இழுப்பது கிளட்ச்தான். மட்டம் சரியாக இருந்தும் காற்று வந்தால், பெடலுக்கு மேலேயும் கியர் பாக்ஸ் பக்கமும் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள்.

ஈரோடு: வீட்டிலேயே எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், இரண்டு பேர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். ஒருவர் பெடலை அடிவரை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுங்கள். டப்பா வற்றக் கூடாது. சீல் உடைக்காத புது ஆயில் மட்டுமே ஊற்றுங்கள்.

தாராபுரம்: என் காரில் கேபிள் கிளட்ச். காற்று எடுக்க வேண்டுமா?

பதில்: கேபிளில் காற்று ஏது? கேபிளைப் பாருங்கள்.

திருப்பூர்: அவசரத்துக்கு என்ஜின் ஆயில்?

பதில்: கூடவே கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என எந்த பிரேக் ஆயில் வகை இருக்கிறதோ அதுவே.

கோபி: பவர் ஸ்டீயரிங் ஆயில்?

பதில்: திருப்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கரூர்: போன வருடம் திறந்த பிரேக் ஆயில் மீதம் இருக்கிறது.

பதில்: சீல் உடைக்காதது என்று மேலேயே சொன்னேன். பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரமேறினால் அந்த வரம்பு 155. அதே ஆயில்தான் திம்பம் இறக்கத்தில் உங்கள் பிரேக்கையும் பிடிக்கிறது.

கோவை மெக்கானிக்: காற்று மேலேதான் ஏறும். கீழ் நிப்பிள் வழியாகச் சிரிஞ்சில் ஆயிலைத் தள்ளுவதே சரி. மிதித்து எடுப்பது வீண்வேலை.

பதில்: வீண்வேலை இல்லை. மேலே சிக்கிய காற்றுக்கு உங்கள் முறை நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்லேவில் படிந்த கசடையும் அது பெடலுக்கு மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டருக்கு ஏற்றிவிடும்.

கோவை மெக்கானிக்: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் கசடு ஏது?

பதில்: மாற்றாத வண்டிகள்தானே பட்டறைக்கு வருகின்றன! முதலில் பழையதைக் கீழே வடித்துவிட்டு, பிறகு தள்ளுங்கள். டப்பா வழியாமல் உறிஞ்சிக்கொண்டே இருங்கள். சிந்தினால் பெயிண்ட் உரியும்.

பெருந்துறை: சிக்னலில் மிதித்தபடி நின்றால் பெடல் மெல்ல இறங்குகிறது. வெளியே கசிவில்லை. காற்று எடுத்தும் தீரவில்லை.

பதில்: அது காற்றில்லை. மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்கிறது. அதை மாற்றிவிட்டுக் காற்றை எடுங்கள்.