ஸ்வீடனின் 'லென்ஸ்மன்': அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஸ்வீடனில் அந்தக் காலத்து ஊர்ப்புறச் சட்ட அதிகாரியை 'லென்ஸ்மன்' என்பார்களாமே, அந்தச் சொல் எப்படி வந்தது?

'மன்' என்றால் ஆள். அதில் குழப்பமில்லை, குழப்பமெல்லாம் முன்பாதியில்தான். இன்றைய ஸ்வீடனில் 'லென்' என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. மொத்தம் 21 இருக்கின்றன. ஒரேப்ரூ பக்கம் ஓடும் பஸ்களின் பெயரே 'லென்ஸ்ட்ராஃபிக்கன்', அதாவது லென் போக்குவரத்து. இதைப் பார்த்துவிட்டு லென்ஸ்மன் என்றால் மாவட்ட அதிகாரி என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. லென்னுக்குத் தலைவர் ஆளுநர். லென்ஸ்மன் அவருக்குப் பல படி கீழே, சில ஊர்கள் சேர்ந்த 'ஹேரட்' என்ற வட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். அதோடு, ஸ்வீடன் அரசின் தலைமை அமைச்சராக இருந்த ஆக்ஸல் ஒக்ஸன்ஷர்னா காலத்தில், 1634இல்தான் நாடு இப்போதைய மாதிரி லென்களாகப் பிரிக்கப்பட்டது. லென்ஸ்மன் அதைவிட மிகப் பழையவர்.

அப்படியானால் எந்த லென்? இடைக்காலத்தில் அரசர் தமக்கு வேண்டியவர்களிடம் ஒரு நிலப்பகுதியை ஒப்படைப்பார். வருமானம் அவர்களுக்கு, நிலம் என்றைக்கும் அரசருடையது. இந்த இரவல் நிலத்துக்குத்தான் 'லென்' என்று பெயர். ஸ்வீடிஷில் கடனைக் குறிக்கும் 'லோன்' இதே வேரிலிருந்து வந்தது. நாம் பேங்கில் வாங்கும் லோனும் அதே குடும்பம்தான். அப்படிப்பட்ட நிலத்தில் மேலிடத்துக்காக வேலை பார்த்த ஆள் லென்ஸ்மன். இரவல் முறை மறைந்தது, பதவிப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

வேலை போலீஸ் வேலை மட்டுமல்ல. வரி வசூல், சாலைகளைச் செப்பனிட வைப்பது, கைதிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவர் தலையில்தான்.

அவருக்குக் கீழே 'ஃபியர்டிங்ஸ்மன்' என்று ஒருவர் உண்டு. எனக்கு இந்தப் பெயர் இன்னும் பிடிக்கும். 'ஃபியர்டிங்' என்றால் நாலில் ஒரு பங்கு. ஹேரட்டை நாலாகப் பிரித்தால் கிடைக்கும் கால் பகுதியின் ஆள் அவர். பல ஊர்களில் விவசாயிகளே முறைவைத்து இந்த வேலையைச் செய்தார்கள். பின்னாளில் அவர் ஊர்ப் போலீஸ்காரராகவே ஆகிவிட்டார்.

ஸ்வீடனில் 1918இல் லென்ஸ்மன் இடத்துக்கு 'லன்ஸ்ஃபிஸ்கால்' என்ற பதவி வந்தது. 1965இல் போலீஸ் முழுக்க அரசின் கைக்குப் போனதும் அதுவும் இல்லை. பக்கத்து நாடான நார்வேயில் மட்டும் ஊர்ப்புறப் போலீஸ் தலைவருக்கு லென்ஸ்மன் என்ற பட்டம் 2021 தொடங்கும்வரை சட்டப்படியே இருந்தது.