டீம் லீட் ஆன மகளும் கலங்கி நிற்கும் அம்மாவும்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து வருடம் நல்ல பெயர் எடுத்த மகளுக்கு, டீம் லீட் ஆன எட்டே மாதத்தில் "வேலை சுத்தம், ஆட்களை நடத்தத் தெரியவில்லை" என்று அப்ரைசலில், அதாவது அலுவலகத்தின் வேலை மதிப்பீட்டில், எழுதிவிட்டார்கள். பாவம், அழத்தான் செய்வாள். நேற்றுவரை தன் கோடிங்கை மட்டும் பார்த்தவளிடம் ஆறு பேரை ஒப்படைத்தார்களே, எப்படி நடத்துவது என்று யாராவது சொல்லித் தந்தார்களா?

"சின்ன வயசிலிருந்தே அவளுக்குப் பேச வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் அதை அவள் காதுபடச் சொல்லாதீர்கள். கலகலப்பாகப் பேசுவது வேறு, ஆட்களை வைத்து வேலை செய்வது வேறு. கூகுள் நிறுவனம் தன் மேனேஜர்களை ஆராய்ந்த 'பிராஜெக்ட் ஆக்ஸிஜன்' விவரம் 2011-இல் வெளிவந்தது. நல்ல மேனேஜரின் எட்டுப் பழக்கங்களில் முதலாவது, தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வளர்ப்பது. தொழில்நுட்பத் திறமைக்கு எட்டாவது இடம்தான்.

பேசிப் பழகக் கற்றுத் தரும் இரண்டு நாள் சாஃப்ட் ஸ்கில் வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அலுவலகத்திலேயே ஒரு சீனியரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் இவளுடைய மேனேஜராக இருக்கக் கூடாது. அப்ரைசல் எழுதுகிறவரிடம் "எனக்குப் பயமா இருக்கு" என்று எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? மாதம் இரண்டு முறை, அரை மணி நேரம் போதும். முடிந்தால் இவள் நடத்தும் மீட்டிங்கில் அவர் ஓரமாக உட்கார்ந்து கவனித்து, அப்புறம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லட்டும். பத்துக் குறையை ஒரே நாளில் அடுக்கினால் எதுவும் மனசில் நிற்காது.

நான் பார்த்தவரை திறமைசாலிகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஜூனியர் தப்பாக எழுதினால், விளக்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் நாமே எழுதிவிடலாம் என்று வாங்கி முடித்துவிடுவார்கள். வேலை முடியும். அந்தப் பையன் கற்றுக்கொள்ள மாட்டான், நம்மை நம்பவில்லையே என்ற வருத்தமும் சேரும். "ஏன் இப்படி எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருக்கட்டும். கஷ்டம்தான், ஆனால் பழகப் பழக வந்துவிடும். குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லட்டும்.

ஆறு மாதம் உண்மையாக முயன்றும் பிடிக்கவில்லையா? சரி, ஆட்களை நிர்வகிக்காமலே, மென்பொருளின் கட்டமைப்பைத் திட்டமிடும் ஆர்க்கிடெக்ட் போன்ற பதவிகளுக்குப் போகும் வழி பல மென்பொருள் நிறுவனங்களில் உண்டு. அதில் கேவலம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் "அடுத்த புரமோஷன் எப்போ?" என்று கேட்காதீர்கள். "உன் டீம்ல யார் யார் இருக்காங்க, எந்த ஊர்க்காரங்க?" என்று கேளுங்கள். அவளுக்குத் தெரியாவிட்டால், திங்கட்கிழமை அவளே போய் விசாரிப்பாள்.