ஆறாத கால் புண்ணுக்கு வளர்ச்சிக் காரணி ஜெல் போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வலது கால் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் வந்த புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. தினமும் கட்டு மாற்றுகிறோம். வலி இல்லை என்பதால் வழக்கம்போல நடந்தே கடைக்குப் போய் வருகிறார். வளர்ச்சிக் காரணி கலந்த ஹைட்ரோஜெல் வைத்தால் இத்தகைய புண் சீக்கிரம் மூடிவிடும் என்று படித்தேன். வாங்கிப் போடலாமா?
- வாசகி ஒருவர், விழுப்புரம்

பதில்: ‘வலி இல்லை என்பதால் நடந்தே போய் வருகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். உள்ளங்காலில் மூன்று மாதப் புண்ணோடு ஒருவர் வலியில்லாமல் நடக்கிறார் என்றால், பாதத்தின் நரம்புகள் உணர்விழந்துவிட்டன என்று பொருள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்ட ஜெல்.

புண் ஆறும்போது நம் உடலே சில புரதங்களைச் சுரந்து, புதிய ரத்தக் குழாய்களையும் சதையையும் தோலையும் வளரச் செய்கிறது. இவைதான் வளர்ச்சிக் காரணிகள். நாள்பட்ட சர்க்கரைப் புண்ணில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்து கிடப்பதால், இவை வேலை செய்யும் முன்பே அழிந்துபோகின்றன. வெளியிலிருந்து தடவினாலும் அதே கதிதான். அதனால்தான் அவற்றை ஹைட்ரோஜெல்லுக்குள் பொதிந்து வைத்து, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும் முயற்சி நடக்கிறது. ஹைட்ரோஜெல் என்பது பெரும்பகுதி நீரைப் பிடித்து வைத்திருக்கும் வலைப்பின்னல். ஜெலட்டின், ஆல்ஜினேட், கைட்டோசான் போன்றவற்றிலிருந்து செய்கிறார்கள். புண்ணில் நொதிகள் அதிகமானால் மட்டும் கரைந்து மருந்தை விடும் வகைகளும் ஆய்வில் உள்ளன. யோசனை அருமையானதுதான்.

ஆனால் நீங்கள் படித்த வியப்பூட்டும் முடிவுகளில் பெரும்பாலானவை எலிகளிடம் கிடைத்தவை. எலியின் தோலுக்கடியில் மெல்லிய தசை ஒன்று உண்டு. அது சுருங்கியே புண்ணின் வாயைப் பெருமளவு மூடிவிடும். நம் உள்ளங்காலில் அந்த வசதி இல்லை. அடியிலிருந்து சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் படர்ந்து வந்தால்தான் உண்டு. எலியும் புண்ணின் மேல் ஏறி நின்று கடை வியாபாரம் பார்ப்பதில்லை.

மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு மருந்தாக வந்தவற்றில் முக்கியமானது பெகாப்ளெர்மின். 1997 இறுதியில் அமெரிக்காவில் சர்க்கரைக் கால் புண்ணுக்காக அனுமதி பெற்ற, வளர்ச்சிக் காரணி கலந்த எளிய ஜெல் இது. முக்கிய ஆய்வில், 20 வாரத்தில் மருந்தில்லாத ஜெல்லைத் தடவியவர்களில் சுமார் 35 சதவீதத்தினருக்கும், இதைத் தடவியவர்களில் சுமார் 50 சதவீதத்தினருக்கும் புண் முழுதாக மூடியது. பலன் உண்டு, அற்புதம் இல்லை. அதுவும் ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, செத்த சதையை அகற்றி, காலுக்கு எடை கொடுக்காமல் இருந்தவர்களிடம். பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த சர்வதேச நீரிழிவுப் பாத நிபுணர் குழு, 2023 வழிகாட்டுதலில் வளர்ச்சிக் காரணி மருந்துகளைத் துணைச் சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. இந்தியாவிலும் இவ்வகை ஜெல்கள் கிடைக்கின்றன. விலை அதிகம், குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், புண் உள்ள இடத்தில் புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது. ஆகவே, மருந்துக்கடையில் கேட்டு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மருந்து கலக்காத சாதாரண ஹைட்ரோஜெல்லும் எல்லாப் புண்ணுக்கும் ஏற்றதல்ல. காய்ந்து கிடக்கும் புண்ணுக்கு ஈரம் தரும். நீர் வடியும் புண்ணில் வைத்தால் சுற்றியுள்ள தோல் ஊறி, வெளுத்து, புண் இன்னும் அகலமாகும்.

இப்போது நடைக்கு வருகிறேன். அப்பா ஒவ்வொரு முறை அடியெடுத்து வைக்கும்போதும் உடல் எடை அந்த இடத்தில்தான் இறங்குகிறது. இரவில் முளைத்த சதை பகலில் நசுங்குகிறது. இதற்குச் சிறந்த வைத்தியம், பாதத்தையும் கெண்டைக்காலையும் ஒட்டினாற்போலப் போடும் மாவுக்கட்டு. எடை ஒரே இடத்தில் விழாமல் கால் முழுவதும் பரவிவிடும். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்கு நம் நாட்டில் போடப்பட்டுவந்த கட்டுதான் இது. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். பின்னர் சர்க்கரைப் புண்ணுக்கும் வழக்கமானது. உயர்தொழில்நுட்ப ஜெல்லைத் தேடுபவர்கள் இந்த மாவுக்கட்டைக் கேட்பதே இல்லை. கிருமித் தொற்றோ ரத்த ஓட்டக் குறைவோ கடுமையாக இருந்தால் மட்டும் இதைப் போட மாட்டார்கள்.

அதனால் இந்த வாரமே பாதச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காலின் ரத்த ஓட்டத்தை டாப்ளர் கருவியால் பார்ப்பார்கள். மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டுப் பார்ப்பார்கள். அது கெட்டியாக எலும்பில் தட்டினால் எலும்பிலும் கிருமி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம், எக்ஸ்ரே தேவைப்படும். புண்ணைச் சுற்றித் தடித்த தோலைச் சீவி எடுப்பார்கள். ரத்தம் கசிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறிதான். சர்க்கரை அளவையும் மருந்துகளையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை சலைனால் கழுவிச் சுத்தமான காஸ் துணியால் கட்டினால் போதும். மஞ்சள், காப்பித்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றம், பாதம் சிவந்து வீங்குதல், விரல் கறுத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வாரம் ஒருமுறை புண்ணின் நீள அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். முறையான சிகிச்சை தொடங்கி நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், அந்தக் குறிப்போடு போய் உங்கள் மருத்துவரிடம் ஜெல்லைப் பற்றிக் கேளுங்கள்.