தலைமதகு முதல் கடைமடை வரை

அன்புள்ள சார்,

தெற்கு பிரான்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில், அந்த ஊர்களை நின்று பார்ப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பதே நல்லது என்று எழுதியிருந்தீர்கள். படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். என் கணவர் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவுப் பொறியாளராக இருந்தவர். நாங்கள் இருவர் மட்டும் ஊர் சுற்றப் போனதே இல்லை. போனதெல்லாம் கோயில், கல்யாணம், மகள் பிரசவம். வரும் மே மாதம் ஜெர்மனியில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்துத் தருகிறான். பத்துப் பன்னிரண்டு நாள் கிடைக்கும்.

அவர் ஒரு டூர் பேக்கேஜ் பிடித்து வைத்திருக்கிறார். எட்டு நாளில் நீஸ், கான், மொனாக்கோ, அவிஞ்ஞோன், ஆர்ல், நீம், கார்கசோன், தூலூஸ். எனக்கோ ஒன்றிரண்டு ஊரில் தங்கி மெதுவாக நடக்க ஆசை. "அவ்வளவு செலவு பண்ணிப் போய் ஒரே ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கவா?" என்கிறார். யார் சொல்வது சரி? இருவரும் சைவச் சாப்பாடு. எனக்கு மூட்டுவலி வேறு.

எஸ்., கோவை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பக்கம்தான் என் ஓட்டு. ஆனால் அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த மனிதரைக் காபிக் கடை நாற்காலியில் உட்காரவைத்து "ரசியுங்கள்" என்றால் பத்து நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார். அவருக்கு எட்டு ஊர் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்ப்பதற்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். பாசனப் பொறியாளருக்கு அப்படி ஒரு வேலை அந்த வட்டாரத்தில் இரண்டாயிரம் வருடமாகக் காத்திருக்கிறது.

முதலில் நீஸ், கான், மொனாக்கோ மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மோசமான ஊர்கள் என்பதால் அல்ல, அது வேறொரு பயணம். மிச்சத்துக்கு நீம் நகரில் ஏழெட்டு நாள், கார்கசோனில் மூன்று நாள் போதும். எல்லோரும் அவிஞ்ஞோனில் தங்கச் சொல்வார்கள். நான் நீம் என்பேன். அங்கிருந்து ஆர்ல், அவிஞ்ஞோன் இரண்டும் ரயிலில் அரை மணி, முக்கால் மணி தூரம்தான். ஊர் எண்ணிக்கை குறைகிறதே என்று அவர் கேட்டால், படுக்கைதான் ஒன்று, ஊர் ஐந்தாறு என்று கணக்குச் சொல்லுங்கள்.

இப்போது அவருடைய வேலைக்கு வருகிறேன். நீம் ரோமானியர் காலத்தில் பெரிய நகரம். ஊருக்குள் ஓர் ஊற்று உண்டு, ஆனால் குளியல் மண்டபங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் அது போதவில்லை. அதனால் கி.பி. முதல் நூற்றாண்டில் உஸெஸ் என்ற ஊருக்குக் கீழே உள்ள ஊற்றிலிருந்து வாய்க்கால் கொண்டுவந்தார்கள். காக்கை பறக்கிற வழியில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் சுமார் 20 கிலோமீட்டர். நடுவில் குன்றுகள், அதனால் வாய்க்கால் சுற்றிச் சுற்றி 50 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த 50 கிலோமீட்டருக்கும் சேர்த்துக் கிடைத்த இறக்கம் சுமார் 12 மீட்டர். கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் வாட்டம்! இந்தக் கணக்கை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். பத்து நிமிடத்தில் பின்னாலேயே வருவார்.

இந்த வாய்க்கால் கார்தோன் ஆற்றைக் கடக்கும் இடத்தில் இருப்பதுதான் போன் துய் கார். மூன்றடுக்குப் பாலம், ஏறக்குறைய 49 மீட்டர் உயரம். கீழ் அடுக்குகள் இரண்டிலும் சாந்து கிடையாது, கல்லோடு கல் பொருத்தி நிறுத்தியது. சாரம் கட்டுவதற்காக வெளியே நீட்டிவிட்ட கற்களைக் கடைசியில் செதுக்கி எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், இன்றும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் போன வாய்க்கால் மேல் அடுக்கில். அந்த ஊற்றுநீரில் சுண்ணாம்பு அதிகம். தூர் வாருவது நின்றதும் இரண்டு பக்கச் சுவரிலும் சுண்ணாம்புப் பாறை படிந்து படிந்து வாய்க்காலே குறுகிப்போயிருக்கிறது. ரோமானியப் பேரரசு தளர்ந்ததை நீங்கள் வகுப்பில் வேறு மாதிரி நடத்தியிருப்பீர்கள். அவர் அதைப் பராமரிப்பு நிதி வராத கதையாகப் படிப்பார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பேக்கேஜ்காரர்கள் பாலத்தைக் காட்டிப் படம் எடுக்கவைத்து வண்டி ஏற்றிவிடுவார்கள். நீங்கள் வாய்க்காலின் வழியிலேயே போங்கள். ஒரு நாள் பஸ்ஸில் உஸெஸ். சனிக்கிழமையாக இருந்தால் நல்லது, சதுக்கம் முழுக்கச் சந்தை. ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், பழம் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கில் இறங்கினால் அந்த ஊற்றும் அதன் நீர்ச்சீராக்கித் தொட்டியின் மிச்சமும் இருக்கின்றன. அதுதான் தலைமதகு. திரும்ப ஏறும்போது உங்கள் மூட்டுக்குச் சிரமம் தெரியும், பார்த்து இறங்குங்கள். இன்னொரு நாள் பாலம். பாதை பெரும்பாலும் சமதளம், ஆற்றங்கரையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். அப்புறம் ஒரு காலையில் நீம் நகருக்குள்ளேயே கடைமடை. ஒரு தெருவோரத்தில், டிக்கெட் எதுவும் இல்லாமல், கம்பிவேலிக்குள் ஒரு வட்டத் தொட்டி. சுவரில் பத்து ஓட்டைகள். அங்கிருந்துதான் ஈயக் குழாய்கள் வழியாக ஊர் முழுக்கத் தண்ணீர் பிரிந்தது. இந்த மாதிரித் தொட்டி முழுசாகப் பிழைத்திருப்பது உலகில் மிகச் சில இடங்களில்தான், பொம்பேயில் ஒன்று உண்டு. சுற்றுலாப் பயணிகள் பலர் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். ஒரு நாளைக்கு 4 கோடி லிட்டர் வரை வந்தது என்று ஒரு மதிப்பீடு உண்டு. அவர் அதை நம்பாமல் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்ப்பார். அந்த நேரத்தில் நீங்கள் மெய்ஸோன் காரே கோயிலின் தூண்களைப் பார்த்துவிட்டு வரலாம். பேரரசர் அகஸ்டஸின் பேரர்களான காயஸ், லூசியஸ் இருவருக்கும் எழுப்பியது. 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

உங்களுக்கான ஊர் ஆர்ல். கி.பி. 90 வாக்கில் கட்டிய ரோமானிய அரங்கம், 20,000 பேர் உட்காரலாம். ரோம் போன பிறகு ஊர்க்காரர்கள் அந்த வளையத்துக்குள்ளேயே குடியேறிவிட்டார்கள். வளைவுகளை அடைத்து, மேலே காவல் கோபுரங்கள் எழுப்பி, உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள், இரண்டு சிற்றாலயங்கள். நூற்றுக்கணக்கான வருடம் அரங்கமே ஓர் ஊர். 1820-களில்தான் வீடுகளை வாங்கி இடித்து ரோமானியக் கல்லை வெளியே எடுத்தார்கள். கோபுரங்களில் மூன்று மட்டும் மிச்சம். சுத்தமான ரோமானியச் சின்னம் வேண்டும் என்பதற்காக ஆயிரம் வருட வாழ்க்கையைத் துடைத்தது சரியா? ஒரு வரலாற்று டீச்சர் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து கணவரோடு வாதாட இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. எனக்கு அந்த வீடுகளைப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்றுதான் இருக்கிறது.

இதே அரங்கத்தில் இன்றும் காளை விளையாட்டு நடக்கிறது. ஸ்பானிய பாணியில் காளையைக் கொல்வது ஒன்று, அதைப் பார்க்கச் சொல்லமாட்டேன். காமார்க் என்ற அந்த வட்டாரத்துப் பாணி வேறு. வெள்ளை உடைக்காரர்கள் ஓடிவந்து காளையின் கொம்பில் கட்டிய ரிப்பனைப் பறிக்க வேண்டும், காளை உயிரோடு வீட்டுக்குப் போகும். சுவரொட்டியில் ஆள் பெயரைவிடக் காளையின் பெயர் பெரிதாக இருக்கும். ல கைலா என்ற ஊரில் புகழ்பெற்ற காளை ஒன்றுக்குச் சமாதியே உண்டு. ஜல்லிக்கட்டு பார்த்த நமக்கு விளக்கம் தேவையில்லை.

ஓவியர் வான்கோவைத் தேடி ஆர்லுக்குப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். 1888 பிப்ரவரியில் வந்து 1889 மே வரை இருந்தார், முந்நூறு படைப்புகள் போல அங்கே பிறந்தன. அவர் குடியிருந்த மஞ்சள் வீடு 1944 குண்டுவீச்சில் போய்விட்டது. இந்த ஆளை அடைத்துவையுங்கள் என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட்ட அக்கம்பக்கத்தாரின் ஊரில் இப்போது கோப்பைக்கும் குடைக்கும் அவர் படம்தான்.

நீமிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சின்ன ரயிலில் எக்மோர்த் போங்கள். ஒன்பதாம் லூயி மன்னன் 1248-லும் 1270-லும் சிலுவைப் போருக்குக் கப்பலேறிய இடம், மதில் முழுசாக நிற்கிறது. அங்கே உள்ள கான்ஸ்டன்ஸ் கோபுரம் பின்னாளில் புராட்டஸ்டண்ட் பெண்களுக்குச் சிறை. மரி துரான் என்ற பெண் 1730-ல், இருபது வயதுகூட நிரம்பாதபோது, உள்ளே போனார். 1768-ல்தான் வெளியே வந்தார். மதத்தை மாற்றிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எப்போதோ விட்டிருப்பார்கள். கோபுரத்தில் சுழல் படிகள், உங்கள் மூட்டு ஒத்துழைக்கிற நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவிஞ்ஞோனுக்கு ஒரு பகல் போதும். போப்பாண்டவர் அரண்மனை பிரம்மாண்டம்தான், ஆனால் உள்ளே வெறும் சுவர். 1348-ல் போப் ஆறாம் கிளமெண்ட் அந்த ஊரையே நேப்பிள்ஸ் ராணியிடமிருந்து 80,000 ஃப்ளோரினுக்கு விலைக்கு வாங்கினார் என்பதை நினைத்துக்கொண்டே நடந்தால் கொஞ்சம் சுவாரசியம் கூடும்.

கார்கசோனில் கோட்டைக்குள் தங்காதீர்கள். கீழ் ஊரில் தங்குங்கள், விலையும் குறைவு, ஸ்டேஷனும் மிடி கால்வாயும் பக்கத்திலேயே. இது மறுபடியும் அவருடைய இடம். இந்தக் கால்வாயை வெட்டிய பியேர்-பால் ரிக்கே பொறியாளர் அல்ல, உப்பு வரி வசூலித்தவர். 1666-ல் தொடங்கி 240 கிலோமீட்டர் வெட்டினார். சிக்கல் வெட்டுவதில் இல்லை, மேட்டு நிலத்தின் உச்சியில் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதில்தான். கறுப்பு மலை என்ற மலைத்தொடரின் ஓடைகளை மறித்து, சான் ஃபெரியோலில் அணை கட்டி, உச்சிக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் விட்டார். படகை ஏற்றி இறக்கும் லாக்குகளின் சுவர் முதலில் நேராக இருந்து இடிந்துபோகவே, முட்டை வடிவமாக மாற்றினார்கள். 1681-ல் கால்வாய் திறந்தபோது ரிக்கே இல்லை, சில மாதங்களுக்கு முன்பே இறந்துபோனார். கரையோரப் பிளேன் மரங்கள் ஒரு பூஞ்சை நோயால் செத்துக்கொண்டிருக்கின்றன, வெட்டி வேறு இனம் நடுகிறார்கள். வெயில் விழும் இடங்கள் இருக்கும், தொப்பி வேண்டும்.

மேலே உள்ள கோட்டை ஊருக்கு மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். டூர் பஸ்கள் கிளம்பியிருக்கும், தெருக்களுக்கு டிக்கெட் கிடையாது. பார்ப்பதில் பாதி 19-ஆம் நூற்றாண்டு. இடிக்க உத்தரவான மதிலை உள்ளூர்க்காரர்கள் போராடிக் காப்பாற்ற, கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் 1853 முதல் புதுப்பித்தார். அவர் வைத்த கூர்மையான கறுப்புக் கல்லோட்டுக் கூரை தெற்குக்கே உரியதல்ல என்று இன்றும் திட்டுகிறார்கள். திட்டட்டும், எனக்குப் பிடிக்கும்.

சாப்பாடு: சந்தையும் பழக்கடையும் இருந்தால் சைவத்துக்குக் கஷ்டமில்லை. மே மாதத்தில் நீம் வட்டாரத்து ஸ்ட்ராபெரி வரும். காமார்க்கில் நெல் விளைகிறது, அரிசி வாங்கலாம். ஹோட்டலில் ரத்தத்தூய் என்ற காய்கறிக் கூட்டு, துளசிச் சாந்து போட்ட பீன்ஸ் சூப் எல்லாம் கேட்கலாம். ஆலிவ் விழுதில் நெத்திலி மாதிரி மீன் இருக்கும், நீமின் பிரந்தாத் கருவாடு, கார்கசோன் பக்கத்துக் கஸ்ஸூலேயில் வாத்தும் பன்றியும். மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு ஏழரைக்கு முன் பற்றவைக்க மாட்டார்கள். கடைக்குள் போனதும் முதலில் "போன்ஜூர்" சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறும்.

ஒரு எச்சரிக்கை. நீமில் பெந்தகோஸ்தே பண்டிகையை ஒட்டிப் பெரிய காளைத் திருவிழா, அரங்கத்தில் ஸ்பானிய பாணிச் சண்டை, தெருவெல்லாம் விடிய விடியக் கூட்டம். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் ஞாயிறு அது, பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூன் தொடக்கம். அந்த நாட்களில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லி மகனுக்கு இன்றே போன் போடுங்கள்.

அன்புடன்.