வாசகர் கேள்வி – பதில்: டே கேரை மூடும்போது நிற்கும் பாக்கி

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வீட்டு முன்கட்டில் 7 வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது 11 பிள்ளைகள். முழங்கால் வலி தாங்கவில்லை, மே 31-உடன் நிறுத்தப்போகிறேன். 5 வீட்டுக்காரர்கள் சேர்த்து 31,500 ரூபாய் தர வேண்டியிருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. ஒரு நோட்டும் ஜி பே வரவும்தான். பெற்றோரில் பாதிப்பேர் கஞ்சிக்கோடு கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். எப்படி வசூல் செய்வது?

பதில்: நிறுத்தப்போகும் செய்தியை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்றால், ஒரு வாரம் பொறுத்துச் சொல்லுங்கள். நாளைக் காலை 8 மணிக்குப் பிள்ளையை விட ஓர் இடம் வேண்டும் என்பதால்தான் இதுவரை பணம் வந்தது. மூடப்போகிறீர்கள் என்று தெரிந்ததும் உங்கள் பாக்கி அவர்கள் பட்டியலில் கடைசிக்குப் போய்விடும், பால்காரருக்கும் கேபிள்காரருக்கும் பிறகு. ஆகவே முதலில் கணக்கு, அப்புறம் கையெழுத்து, அதன் பிறகே அறிவிப்பு. அதற்காக மே 25 வரை மறைத்து வைத்துவிடாதீர்கள். வேறு இடம் தேட அவர்களுக்கு ஒரு மாதமாவது வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்காவிட்டால், ‘திடீரென்று கைவிட்டார்’ என்பதே பணம் தராமலிருக்கக் காரணமாகிவிடும்.

நோட்டையும் ஜி பே வரவையும் பக்கத்தில் வைத்து, வீடு வாரியாகத் தனித்தாளில் எழுதுங்கள். ஒரு வீட்டுக் கணக்கு இப்படி இருக்கும்: ஜனவரி 3,500, பிப்ரவரி 3,500, மார்ச் 3,500, ஆக 10,500. பிப்ரவரி 14-ல் ஜி பே வரவு 1,500. நிற்பது 9,000. சேர்க்கும்போது கொடுத்த அட்வான்ஸ் 2,000 மே 31 அன்று கழிக்கப்படும். அதன்பின் தர வேண்டியது 7,000. அட்வான்ஸை இப்போதே கழித்துவிடாதீர்கள். மே மாதக் கட்டணத்துக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

பெரும்பாலான சண்டை தொகையைப் பற்றி வராது, எந்த மாதத்துக்கு வரவு வைத்தீர்கள் என்பதில்தான் வரும். ஏப்ரலில் அந்த அப்பா 3,500 அனுப்பியிருப்பார். ‘ஏப்ரல் ஃபீஸ்’ என்று ஜி பேயில் குறிப்பு எழுதியிருந்தால் அது ஏப்ரலுக்குத்தான் சேரும். ஒன்றும் எழுதாமல் அனுப்பியிருந்தால் பழைய பாக்கியில் நீங்கள் வரவு வைக்கலாம். இரண்டு பேரும் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், பழைய பாக்கியிலிருந்து வரிசையாகக் கழியும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். இனி வரும் ஒவ்வொரு தொகைக்கும் அன்றைக்கே, ‘ஜனவரி பாக்கிக்கு வரவு’ என்று ஒரு வரி செய்தி அனுப்பிவிடுங்கள்.

தாமதமாக வந்து கூட்டிப்போன நாட்களுக்கு மணிக்கு 50 ரூபாய் என்று நோட்டில் குறித்து வைத்திருப்பீர்கள். சேர்க்கும்போதே அதைச் சொல்லவில்லை என்றால் இந்தத் தாளில் சேர்க்க வேண்டாம். அந்த 300 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 7,000-ஐயும் சேர்த்து மறுத்துவிடுவார்கள்.

தாளின் அடியில், ‘மேற்படி கணக்கு சரி. இந்தத் தொகையை நான் தர வேண்டும்’ என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். உங்களுக்கு இந்த ஒரு வரிதான் பலம். ஒப்பந்தம் எழுதாதது பெரிய குறையல்ல. இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் எத்தனை மாதம், எவ்வளவு என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தப் பாரம் பெரிதும் இறங்கிவிடும். வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலக்கெடுவும் அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும்.

உங்கள் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை: கையெழுத்துப் போடுபவர் எந்த மொழி வாசிப்பாரோ அந்த மொழியில் தாள் இருக்கட்டும். மலையாளம் மட்டும் வாசிக்கும் அப்பாவிடம் தமிழ்த் தாளில் கையெழுத்து வாங்கினால், ‘என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது’ என்று பிறகு சொல்ல இடமிருக்கிறது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பாட்டியிடம் இந்தப் பேச்சே வேண்டாம். அவருக்குப் பெரும்பாலும் பாக்கி இருப்பதே தெரியாது. பேரன் காதில் விழும்படி பேசினால் வீட்டுக்குப் போய்ச் சேரும் விஷயம் வேறாக இருக்கும். ஒட்டிய கவரில் கொடுத்தனுப்புங்கள், அல்லது அப்பா அம்மா இருவரையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். தாளில் இருவர் பெயரும் இருக்கட்டும். ‘அவரிடம் கேளுங்கள்’, ‘அவளிடம் கேளுங்கள்’ என்று பந்தாடுவது பிரிந்து வாழும் தம்பதிகளிடம் மட்டுமல்ல, எல்லா வீட்டிலும் உண்டு.

மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக இல்லை என்பார்கள். தவணையை நீங்களே போட்டுக் கொடுங்கள். சம்பளம் 7-ஆம் தேதிக்குள் வருகிறவருக்கு 8-ஆம் தேதி காலை நினைவூட்டல் போக வேண்டும். 20-ஆம் தேதி கேட்பதில் பயனில்லை. ஜூன், ஜூலையில் 1,500 வீதமும், மீதி 4,000 ஓணம் போனஸ் கைக்கு வரும் வாரத்திலும் என்று வைத்தால் கஞ்சிக்கோட்டுக் குடும்பங்களுக்கு ஒத்துவரும். பெரிய தொகை நிற்கும் வீட்டில் ப்ரோநோட்டே வாங்கிவிடலாம். 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் குறுக்காகக் கையெழுத்து விழ வேண்டும். ஸ்டாம்பு இல்லாத ப்ரோநோட்டைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது.

இதெல்லாம் முடிந்தபின் எல்லோருக்கும் ஒரே நாளில் எழுத்தில் அறிவியுங்கள். மே மாதக் கட்டணம் மட்டும் வாரா வாரம் முன்பணம்: திங்கள்கிழமை காலை 875. அந்த மாதத்தில் புதுப்பாக்கி ஏறவிட்டால் அது வருவது சந்தேகம்தான்.

கையெழுத்துப் போட மறுப்பவர் ஒருவராவது இருப்பார். அவருக்குக் கணக்குத் தாளின் நகலோடு 15 நாள் கெடு வைத்துத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. 2025-ல் ரெஜிஸ்டர் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், கவுன்டரில் பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வட்டி கேட்கும் எண்ணமிருந்தால் இந்த நோட்டீஸிலேயே எழுத வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் சித்தூர் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். கோர்ட்டுக் கட்டணம் இல்லை. பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். குழு எதிர்த்தரப்பை அழைத்துப் பேசும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமானால் அந்தத் தீர்ப்பு சிவில் கோர்ட்டு டிகிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்கு, சமம், அப்பீல் கிடையாது. ஆனால் அவர் வராவிட்டாலோ ஒத்துக்கொள்ளாவிட்டாலோ லோக் அதாலத் கட்டாயப்படுத்தாது. 7,000 ரூபாய்க்கு முன்சீஃப் கோர்ட்டு வரை போவது எங்கள் கணக்கில் நஷ்டம். 31,500-ம் ஒரே வீட்டில் நின்றிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்போம்.

கேள்வி: பிள்ளையின் பை, படுக்கை, தடுப்பூசி அட்டை நகல் என்னிடம் இருக்கின்றன. பாக்கி தரும்வரை வைத்துக்கொள்ளலாமா? (வேலந்தாவளம்)

பதில்: வேண்டாம். கடைசி நாள் மாலையே எல்லாவற்றையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். 200 ரூபாய்ப் பையை வைத்துக்கொண்டு 7,000 கேட்கிறவர் பஞ்சாயத்தில் முதலில் குற்றவாளியாக நிற்பார். வாட்ஸ்அப் குழுவில் ‘பாக்கிதாரர் பட்டியல்’ போடுவதும் இதே ரகம். எதிர்த்தரப்பு அவதூறு வழக்கென்று கிளம்பினால் வசூல் அங்கேயே நின்றுவிடும். தனிச்செய்தியாக அனுப்புங்கள், ‘அடுத்த மாசம் தர்றேன் அக்கா’ என்று வரும் பதிலை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தச் செய்தி இருக்கும் போனையும் பத்திரப்படுத்துங்கள். மின்னணுச் சாட்சியத்தைக் கோர்ட்டில் கொடுக்க, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் டே கேர் கேரள எல்லைக்குள். பொள்ளாச்சிப் பக்கம் குடியிருக்கும் ஒருவர் 14,000-க்குக் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பிவிட்டது. டே கேரை மூடி 10 நாள் ஆகிறது. எந்த மாநிலத்தில் வழக்கு? (கோபாலபுரம்)

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள், செக் விஷயத்தில் பலர் தோற்பது தேதியில்தான். செக் திரும்பியதாக பேங்க் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்து மூலமான நோட்டீஸ் போக வேண்டும். அவர் அதைப் பெற்ற நாளிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுப் புகார். நோட்டீஸில் செக் தொகையைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். வேறு பாக்கியையும் கலந்து ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாது என்று வாதிடுவார்கள். புகாரை எங்கே கொடுப்பது என்பதற்கு 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குழப்பமில்லை: செக்கை உங்கள் கணக்கில் போட்டிருந்தால், உங்கள் கணக்கு இருக்கும் பேங்க் கிளை எந்தக் கோர்ட்டு எல்லையில் இருக்கிறதோ அங்கே. கணக்கு கேரளத்துக் கிளையில் என்றால் அங்கேதான், செக் கொடுத்தவர் பொள்ளாச்சியில் இருந்தாலும்.

செக் இல்லாத வெறும் பாக்கிக்கு சிவில் வழக்கு என்றால், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட இடத்திலும் போடலாம், அவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். அவர் ஊரில் போடுவதையே நாங்கள் சொல்வோம். இங்கே டிகிரி வாங்கி, நிறைவேற்ற அதைப் பொள்ளாச்சிக்கு மாற்றும் அலைச்சல் மிச்சம்.

கேள்வி: மாதம் 3,600 கட்டணம். 15-ஆம் தேதியோடு நான் நிறுத்திவிட்டேன். முழுமாதப் பணம் கட்டிய ஒருவர் மீதியையும் 2,000 அட்வான்ஸையும் திருப்பிக் கேட்கிறார். போன மாதப் பாக்கி 1,200 அவரிடம் நிற்கிறது. (வாளையார்)

பதில்: நிறுத்தியது நீங்கள், ஆகவே நடத்தாத நாட்களுக்குப் பணம் உங்களுடையதல்ல. அந்த மாதம் 24 வேலை நாள் என்றால் நாளுக்கு 150. 12 நாள் நடந்திருந்தால் 1,800 திருப்ப வேண்டும். அதோடு அட்வான்ஸ் 2,000, ஆக 3,800. பாக்கி 1,200 போக அவருக்கு 2,600 கொடுங்கள். இழுத்தடிக்காமல் முதலில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தர வேண்டிய மற்ற பெற்றோர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: மூடி நாலு வருடம் ஆகிவிட்டது. ஒரு குடும்பத்தின் 5,000 இன்னும் வரவில்லை. இப்போது கேட்கலாமா? (பாலக்காடு)

பதில்: கேட்பதற்குத் தடையில்லை, வழக்குக்குத்தான் மூன்று வருடக் கெடு முடிந்துவிட்டது. இடையில், கெடு முடியும் முன்பே, பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட தாள் ஏதாவது இருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் எண்ணிப் பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும், ‘இந்தப் பழைய பாக்கியைத் தருகிறேன்’ என்று இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது புது ஒப்பந்தமாகச் செல்லும். வாயால் சொன்னால் செல்லாது.