பச்சைத் தக்காளி, பிளாக்பெர்ரி, செஸ்நட்: எது சமையலுக்கு, எது குப்பைக்கு?

கேள்வி: இங்கிலாந்துக்கு வந்தபின் இதுதான் எங்களுக்கு முதல் அக்டோபர். தோட்டத்தில் தக்காளி காயாகவே நிற்கிறது. நடக்கப் போகிற பாதையில் பிளாக்பெர்ரி, மரத்தடியில் கொட்டைகள், காளான் எல்லாம் இருக்கின்றன. எதை எடுத்துச் சமைக்கலாம்?

பதில்: காளானைத் தொடவேண்டாம். டெத் கேப் என்ற நச்சுக் காளான் இளசாக இருக்கும்போது நம் ஊர் வைக்கோல் காளானைப் போலவே இருக்கும். வைக்கோல் காளானைச் சாப்பிட்டுப் பழகிய ஆசியர்கள் வெளிநாடுகளில் இப்படி ஏமாந்து உயிரை விட்டிருக்கிறார்கள். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வாந்தி வரவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேலாகும்.

கொட்டையில் இரண்டு வகை உண்டு. கூட்டின் மேல் மெல்லிய முள் நெருக்கமாக இருந்து, கொட்டையின் நுனியில் சின்னக் குடுமியும் இருந்தால் அது ஸ்வீட் செஸ்நட். மேல்தோலைக் கத்தியால் கீறிவிட்டு, 200 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் சுடுங்கள். கீறாவிட்டால் வெடிக்கும். கூட்டில் தடித்த முள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து, கொட்டை குடுமியில்லாமல் உருண்டையாக இருந்தால் அது ஹார்ஸ் செஸ்நட். நஞ்சு. பிள்ளைகள் விளையாடத்தான் ஆகும்.

சரி, தக்காளிக்கு வருவோம். உறைபனி விழுவதற்குள் எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். முழு அளவுக்கு வளர்ந்து நிறம் வெளிறத் தொடங்கியவற்றை ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு அறைச் சூட்டில் வையுங்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பழுக்கவைத்துவிடும். பலரும் ஜன்னலோரம் வெயிலில் அடுக்குகிறார்கள்; பழுக்க வெளிச்சம் தேவையே இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுபோகும்.

இன்னும் கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும் காய்கள் இனிப் பழுக்காது. அவை துவையலுக்கு. உளுந்து, காய்ந்த மிளகாய், பெருங்காயத்தை நல்லெண்ணெயில் வறுத்து எடுத்துவிட்டு, நறுக்கிய காயைத் தட்டு மூடாமல் வதக்குங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி, ஓரம் கண்ணாடி போலாகும்போது பச்சை வாடை போயிருக்கும். அதுதான் பதம். வறுத்த வேர்க்கடலை, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டியதுதான். காயிலேயே புளிப்பு இருக்கிறது, அதனால் புளி வேண்டாம். இட்லிக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி.

பிளாக்பெர்ரியைச் சாலையோரம் பறிக்காதீர்கள். முழங்காலுக்கு மேலே உள்ளதாகப் பறியுங்கள், நாய்கள் போகிற பாதை அது. உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் சின்னப் புழுக்கள் வெளியே வந்துவிடும். வெல்லம், சுக்கு, கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்து மாங்காய்ப் பச்சடி மாதிரிக் கிண்டலாம். சீக்கிரம் போங்கள்: அக்டோபர் நடுவில் மழையில் நனைந்து சப்பென்றாகி, பூஞ்சையும் பிடித்துவிடும்.

அப்புறம், யாராவது தடுப்பார்களோ என்று தயங்கவேண்டாம். இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டப்படி, தானாக விளைந்த காட்டுப் பழத்தை விற்காமல் வீட்டுக்கு மட்டும் பறித்தால் திருட்டாகாது. பூங்காக்களில் தனி விதி இருக்கலாம், வாசல் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.